தலைப்பு வரிசை

"இப்பவே காலை மடக்கி உட்கார வெச்சிடுங்க. இன்னும் ஒரு மணி நேரம் போச்சுன்னா மடங்காது" என்றார் மடத்து ஐயா.

நான்கு பேர் குருசித்தப்பாவின் உடலைத் தூக்கிக் கூடத்துச் சுவரோரமாக வைத்தார்கள். உட்கார்த்தியே அடக்கம் செய்வது அவர்கள் வழக்கம். வலது காலை மடக்கும்போது முட்டி சொடுக்கியது. "மெதுவா, மெதுவா" என்றார் ஒருவர், வலித்துவிடும் என்பதுபோல. முதுகுக்குப் பலகை கொடுத்து, நெற்றியைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் நுனியைச் சுவர் ஆணியில் முடிந்ததும் தலை நிமிர்ந்து நின்றது. மார்பில் லிங்கம் தொங்கிற்று. நெற்றியிலும் கைகளிலும் விபூதிப் பட்டை போட்டார்கள்.

நீலாம்பிகா எதிரே உட்கார்ந்து புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் இப்படி நேராக உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து குனிந்து அவர் முதுகு வளைந்தே போயிருந்தது. சாப்பிடும்போதும் அப்படித்தான்.

பழைய ஹூப்ளியில், மாடியில் வீடும் கீழே கடையுமான கட்டடம். கீழ்க்கடையில் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பத்திரிகை, நோட்டீஸ், புத்தகம் எல்லாம் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டி அச்சாபீஸுக்கு அனுப்புவார்கள். இன்று காலை ஏழு மணிக்கே அவர் கடைக்கு இறங்கிவிட்டார். காலைப் பலகாரத்துக்குச் செய்த உப்பிட்டு ஆறுகிறதே என்று எட்டரைக்குக் கூப்பிடப் போனவள், கீபோர்டுக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்து அவர் படுத்திருப்பதைக் கண்டாள். தூங்குகிறார் என்றுதான் நினைத்தாள். "ஏங்க" என்று தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் அவள் கத்தியிருக்கிறாள். மகள் சௌபாக்யா மாடியிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். அடுத்த தெரு டாக்டர் வந்து, மாரடைப்பு, போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று சொல்லியிருக்கிறார். எல்லாம் வரிசையாக நினைவில் இருந்தன. ஆனால் கத்துவதற்கு முன்பு தான் ஒரு காரியம் செய்தது இப்போதுதான், அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதுதான், அவளுக்கு நினைவுக்கு வந்தது. அவருடைய தலைக்கு மேலே கையை நீட்டி அவள் ஸ்கிரீனை அணைத்திருந்தாள்.

அப்போது ஸ்கிரீனில் இரண்டு பக்கங்கள் அருகருகே நின்றன. பதின்மூன்று, பதினான்கு. மூன்று வருஷமாக அந்தக் கடையில் யாரும் திறக்காத ஃபைல்.

பத்து மணிக்குக் குருசித்தப்பாவின் தங்கை கங்கவ்வா வந்தாள். வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு ஓடி வந்து அண்ணன் மடியில் விழுந்தாள்.

"அண்ணா... அந்தப் புஸ்தகம்தானே உன்னைத் தின்னுச்சு அண்ணா! அன்னைக்கே போச்சே உன் உசிரு! வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கியா? உள்ளயே வெச்சு வெச்சு இப்படி உட்கார்ந்துட்டியே!"

சுற்றியிருந்த பெண்கள் தலையை ஆட்டினார்கள். அந்தப் புத்தகத்தின் கதை தெருவில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவரைக்கும் தெரியும்.

பக்கத்து மாவட்டத்துச் சுகாதார ஆபீஸ் கொடுத்த வேலை அது. கிராமத்து நர்சுகளுக்கான மருந்துக் கைப்புத்தகம், பதினாறே பக்கம். அதில் குழந்தைகளின் காய்ச்சல் மருந்துக்கு ஒரு அட்டவணை. முதல் கட்டத்தில் வயது. இரண்டாவதில் துளி மருந்து எத்தனை மில்லி. மூன்றாவதில் சிரப் எத்தனை மில்லி. நாலாவதில் எத்தனை வேளை. துளி மருந்து கெட்டியானது, கொஞ்சம்தான் கொடுக்க வேண்டும். சிரப் அதைவிட நாலு மடங்கு கொடுக்கலாம். எது எந்தக் கட்டம் என்று அட்டவணையின் உச்சியில் உள்ள தலைப்பு வரிசைதான் சொல்லும்.

புத்தகம் அச்சாகி ஊர் ஊராகப் போனது. ஒரு கிராமத்தில், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன நர்ஸ் ஒருத்தி, பதினான்காம் பக்கத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தாள். அட்டவணை பதின்மூன்றில் ஆரம்பித்துப் பதினான்கில் முடிகிறது. பதினான்கில் வயதும் எண்களும் மட்டும் இருந்தன. தலைப்பு இல்லை. இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்றுக்கு, மூன்று நாள், துளி மருந்தைச் சிரப்பின் அளவில் கொடுத்தாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து குழந்தை செத்துப்போனது. காய்ச்சலால் செத்ததா, மருந்தால் செத்ததா என்று விசாரணை அறிக்கை கடைசிவரை சொல்லவில்லை. நர்ஸை வேலையைவிட்டு எடுத்தார்கள்.

விசாரணைக்கு இந்தக் கடைக்கும் மூன்று பேர் வந்தார்கள். வந்தவர்களில் பெரியவர் பக்கத்தைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்: "இதைச் செட் பண்ணது யாரு?"

நீலாம்பிகா அப்போது அவர்களுக்கு டீ கொண்டுவந்து நின்றிருந்தாள். தட்டில் நான்கு டம்ளர். அவள் வாயைத் திறப்பதற்குள் குருசித்தப்பா சொன்னார்.

"நான்தான்."

அவ்வளவுதான். அதற்கப்புறம் அரசாங்க வேலை எதுவும் அந்தக் கடைக்கு வரவில்லை. கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ் என்று ஓடிற்று. புருஷனும் பெண்டாட்டியும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று அவளுக்குத் தோன்றும். ஆனால் ஒன்று மாறியது. அட்டவணை உள்ள எந்த வேலையையும் அதற்குப் பிறகு அவர் அவளிடம் கொடுக்கவில்லை. "நீ பத்திரிகையைப் பாரு, இதை நான் பாத்துக்கறேன்" என்பார், சாதாரணமாக. ஒவ்வொரு முறையும் அது அவளைச் சுருக்கென்று குத்தும்.

பதினொரு மணிக்கு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். கையில் பிளாஸ்டிக் ஃபைல், தோளில் சாப்பாட்டுப் பை. கூட்டத்தையும் செருப்புக் குவியலையும் பார்த்து, வீடு மாறி வந்துவிட்டோமோ என்பதுபோல வெளியே போய்ப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"குருசித்தப்பா சார் வீடுதானே? பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தாரு" என்றாள் கதவோரம் நின்ற கிழவரிடம். அப்புறம்தான் சுவரோரம் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். கையிலிருந்த ஃபைல் நழுவி விழுந்தது.

கங்கவ்வா நிமிர்ந்தாள். விசாரணை நாட்களில் பேப்பரில் வந்த முகத்தை அவள் மறக்கவில்லை.

"நீயா? நீ அந்த நர்ஸ்தானே?"

அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு இந்த வாசல்ல என்னடி வேலை? ஒரு குழந்தையைக் கொன்னது பத்தலையா? பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியாதவளெல்லாம் நர்ஸ்! உன்னாலதானே என் அண்ணன் தலை குனிஞ்சான். செத்துட்டானான்னு பாத்துட்டுப் போக வந்தியா?"

"எனக்குத் தெரியாதும்மா. இங்க வந்துதான்..." என்றாள் அவள்.

"போ வெளிய!"

இரண்டு பெண்கள் எழுந்து கங்கவ்வாவைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண் ஃபைலை எடுக்கக் குனிந்தாள். காகிதங்கள் படிக்கட்டுவரை சிதறியிருந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். யாரும் உதவிக்குப் போகவில்லை.

நீலாம்பிகா எழுந்தாள். உட்கார்ந்தே இருந்ததில் கால் மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பெண்ணின் தோளைத் தொட்டாள்.

"கீழ கடை இருக்கு. அங்க உட்காரும்மா. சௌபா, கீழ கூட்டிட்டுப் போ. தண்ணி குடு."

"வைனி!" என்றாள் கங்கவ்வா. அண்ணன் மனைவியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "யாரை உட்கார வைக்கிறீங்கன்னு தெரியுதா? இவளையா?"

"தெரியுது கங்கா."

"அண்ணன் பாத்துட்டிருக்கான் வைனி. தெறந்த கண்ணு மாதிரி இருக்கு பாருங்க."

நீலாம்பிகா திரும்பிப் பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் சௌபாக்யா மாடிக்கு வந்து அம்மாவின் காதருகில் குனிந்தாள். பத்தொன்பது வயது. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அம்மா, அவங்க பேரு சுமங்கலாவாம். நாளைக்கு அவங்களுக்கு அப்பீல் விசாரணையாம். அப்பா வந்து சாட்சி சொல்றேன்னு சொல்லியிருந்தாராம். உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பாவே தேடிக்கிட்டுப் போயிருக்காரும்மா. ஆறு மாசம் முன்னாடி. துணிக்கடையில வேலை பாக்கறாங்களாம் இப்ப. கடைக்கே போய், நின்னு, மன்னிப்பு கேட்டாராம். இந்த மூணு வருஷத்துல மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவருதான்னு சொல்லி அழுவுறாங்க."

நீலாம்பிகா புருஷனைப் பார்த்தாள். ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேப்பர் கடையில் வேலை இருக்கிறது என்று வெளியே போனவர் பொழுது சாய்ந்து வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். வயிறு சரியில்லை என்றார். அவள் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். அதையும் குடித்தார்.

என்னிடம் சொல்லியிருக்கலாம், என்று நினைத்தாள். உடனேயே, எப்படிச் சொல்லியிருப்பார் என்றும் நினைத்தாள்.

அந்தக் கைப்புத்தகத்துக்குப் பக்கம் கட்டிய நாளை அவள் மறக்க முயன்றது உண்டு. குருசித்தப்பா அன்று ஊரில் இல்லை. தார்வாடில் அவருடைய அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். சுகாதார ஆபீஸிலிருந்து வந்த குமாஸ்தா எதிர் நாற்காலியில் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாலு மணிக்குள் ஃபைல் அச்சாபீஸில் இருந்தாக வேண்டும். பக்கம் பதினாறுக்கு மேல் ஒன்றுகூடப் போகக்கூடாது. அந்த நேரம் பார்த்து அந்த அட்டவணை அடம்பிடித்தது. மேலே ஒரு வரி சேர்த்ததும், மொத்த அட்டவணையும் எகிறிக் குதித்து அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. பதின்மூன்றாம் பக்கத்தில் பாதி வெறும் வெள்ளை. பின்னால் எல்லாம் தள்ளிக்கொண்டு பதினேழு பக்கமாகிவிட்டது. மேலே இழுத்தால் திரும்பவும் கீழே ஓடிற்று.

"என்ன மேடம், பாதிப் பக்கம் காலியா விட்டு அனுப்புவீங்களா? ஆபீசர் என் தலையை எடுத்துடுவாரு" என்றான் குமாஸ்தா.

அவள் தார்வாடுக்குப் போன் போட்டாள்.

"டேபிளை வெட்டாத" என்றார் அவர். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம். "வரிசையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கும். எல்லாத்தையும் செலக்ட் பண்ணி அந்த ஒட்டை எடுத்து விடு, தானா மேல வரும். அப்புறம் முதல் வரிசையைப் பிடிச்சு, ஒவ்வொரு பக்கத்துலயும் திரும்ப வரணும்னு குடு. தலைப்பு ரெண்டு பக்கத்துலயும் வரணும் நீலா. வெட்டினா வராது."

"சரி" என்றாள். அவர் சொன்னதைச் செய்தும் பார்த்தாள், அல்லது செய்ததாக நினைத்தாள். எதையோ விட்டுவிட்டாள்போல. அட்டவணை அசையவில்லை. குமாஸ்தா எழுந்து பின்னால் வந்து நின்றான். மணி மூன்றே முக்கால். அவள் நான்காவது வரிசைக்கு அடியில் கர்சரை வைத்து அட்டவணையை இரண்டாக வெட்டினாள். மேல்பாதி உடனே சாதுவாகப் பதின்மூன்றில் போய் உட்கார்ந்தது. கீழ்ப்பாதி பதினான்கில். பக்கம் பதினாறு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தாளைத் திருப்பினால் அந்தப் பக்கத்தில் தலைப்பு இருக்கிறதே, யாருக்குத் தெரியாமல் போகும் என்று நினைத்தாள். நினைத்தாளா, இப்போது நினைத்துக்கொள்கிறாளா, தெரியவில்லை.

ஐந்து மணிக்கு அவரே போன் செய்தார். "தலைப்பு வந்துச்சா?"

"வந்துடுச்சு" என்றாள்.

இன்று நாலு மணிக்கு வெயில் தணிந்ததும் அடக்கத்துக்குப் புறப்பட்டார்கள். உட்கார்ந்த வாக்கிலேயே பூப்பல்லக்கில் வைத்துத் தூக்கினார்கள். பஜனைக்காரர்கள் முன்னால் போனார்கள். படியிறங்கும்போது நீலாம்பிகா கடையைப் பார்த்தாள். பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் ஸ்டூலில் சுமங்கலா உட்கார்ந்திருந்தாள். பல்லக்கு வருவதைக் கண்டு எழுந்து நின்று கைகூப்பினாள். சாப்பாட்டுப் பை பிரிக்கப்படாமலே மேஜைமேல் இருந்தது.

குழிக்குள் அவரை இறக்கி வடக்குப் பார்த்து உட்கார வைத்தார்கள். வில்வமும் விபூதியும் போட்டு மார்புவரை நிரப்பினார்கள். கங்கவ்வா மூன்று பிடி மண் போட்டுவிட்டு நாலாவது பிடியைப் போட முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். நீலாம்பிகாவின் முறை வந்தபோது அவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எப்போது தெரிந்துகொண்டீர்கள்? அவர்கள் மூன்று பேரும் பக்கத்தைத் தூக்கிக் காட்டியபோதா, அல்லது அன்றைக்கே, போனில், என் குரலிலேயேவா?

மண்ணைப் போட்டாள்.

திரும்பி வந்து குளித்து முடித்தபோது ஆறு மணி. கூட்டம் கலைந்திருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ரொட்டியும் பருப்பும் வந்திருந்தன. நீலாம்பிகா ஈரத் தலையோடு கடைக்கு இறங்கினாள். சௌபாக்யா ஏற்கெனவே அங்கே, சுமங்கலாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஸ்கிரீன் எரிந்தது.

"அம்மா, அப்பா எழுதி வெச்சிருக்காரு. இங்க பாரு. காலையில இதைத்தான் டைப் பண்ணிட்டிருந்திருக்காரு."

சரியாக ஒரே பக்கம். பேர், வயசு, தொழில். இன்ன தேதியில் இன்ன கைப்புத்தகத்தின் பதின்மூன்று, பதினான்காம் பக்கங்களை நான் அமைத்தேன். அட்டவணை பக்கம் தாண்டிப் போனதைச் சரிசெய்ய அதை இரண்டாக வெட்டினேன். அதனால் பதினான்காம் பக்கத்தில் தலைப்பு வரிசை வராமல் போயிற்று. அந்தப் பக்கத்தை மட்டும் பார்க்கும் எவரும் தவறாகவே படித்திருப்பார்கள். பிழை என்னுடையது. நர்ஸ் சுமங்கலா ஹாதிமனியுடையது அல்ல.

எப்படி வெட்டினேன் என்பதையும் எழுதியிருந்தார். நான்காவது வரிசைக்கு அடியில் என்று. அவள் செய்ததைச் செய்தபடியே, பக்கத்தில் நின்று பார்த்தவர்போல எழுதியிருந்தார்.

"நர்ஸ் சங்கத்து வக்கீலுக்குப் போன் போட்டேன்க்கா" என்றாள் சுமங்கலா. "ஆள் இல்லன்னா எழுதிக் குடுத்தது போதும்னாரு. ஆனா கையெழுத்து இருக்கணுமாம். இதுல இல்ல." ஃபைலை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "பரவால்லக்கா. இந்த நேரத்துல நான் இதைப் பேசறதே தப்பு. ஏழு மணி பஸ்ஸுக்குப் போயிடறேன்."

சௌபாக்யா அம்மாவைப் பார்த்தாள்.

"நீதான் அப்பா கையெழுத்தைப் போடுவியே. டெலிவரி சீட்டு எல்லாத்துலயும் நீதானே போடுவ. நேத்துத் தேதி போட்டுடும்மா. அப்பாவே குடுக்கணும்னு நெனச்சதுதானே. பொய் இல்லையே."

சுமங்கலா கண்ணை நீலாம்பிகாவின் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

பிரிண்டர் ஓடிற்று. சௌபாக்யா காகிதத்தை மேஜைமேல் வைத்து, பக்கத்தில் பேனாவையும் வைத்தாள். நீலாம்பிகா உட்கார்ந்தாள். அவர் கையெழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'கு'வைப் பெரிதாகச் சுழித்து, கடைசியில் இரண்டு கோடு. ஒரு நிமிஷ வேலை. இந்தப் பெண்ணுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். அவர் கொடுத்த வாக்கு நிறைவேறும். கங்கவ்வா, தெரு, மகள், எல்லாருக்கும் தெரிந்தது தெரிந்தபடியே இருக்கும். அவரும் அதைத்தானே விரும்பியிருக்கிறார். காலையிலே எழுந்து வந்து, அவளைக் கூப்பிடாமல், அதைத்தானே தட்டிக்கொண்டிருந்தார்.

பேனா மூடியைத் திறந்தாள். திறந்து, அப்படியே வைத்திருந்தாள்.

"அம்மா?"

"இது அப்பா பண்ணது இல்ல சௌபா."

"எது?"

"அன்னைக்கு அப்பா ஊர்லயே இல்ல. தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன். உனக்கு ஞாபகம் இருக்கா? நீ பத்தாவது படிச்சிட்டிருந்த. ஸ்கூல்லேர்ந்து வந்து, அப்பா எங்கன்னு கேட்ட."

சௌபாக்யாவுக்கு ஞாபகம் வருவது முகத்திலேயே தெரிந்தது.

நீலாம்பிகா நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டாள். கைப்புத்தகத்தின் ஃபைலை முன்னால் கொண்டுவந்தாள்.

"இங்க வந்து பாரும்மா" என்றாள் சுமங்கலாவிடம். "இந்த டேபிள் ஒண்ணாத்தான் இருந்துச்சு. பக்கத்தைத் தாண்டிக் குதிச்சுது. இந்த இடத்துல நான் வெட்டினேன். இதோ, இங்க. அவரு வெட்டாதன்னு போன்லயே சொன்னாரு. தலைப்பு வந்துச்சான்னு கேட்டாரு. வந்துடுச்சுன்னேன்."

சொல்லிக்கொண்டே இரண்டு துண்டுகளையும் ஒன்று சேர்த்தாள். வரிசைகளின் ஒட்டை எடுத்தாள். முதல் வரிசையைப் பிடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வரும்படி செய்தாள். பதினான்காம் பக்கத்தின் உச்சியில் நான்கு தலைப்புகள் வந்து நின்றன. வயது, துளி மருந்து, சிரப், எத்தனை வேளை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் சுமங்கலா.

"தெரியும்."

"எங்கிட்ட ஒரு தடவகூட உங்க பேரைச் சொல்லல. நாலு தடவ வந்தாரு. நாலு தடவையும் நான்தான் நான்தான்னாரு." அவள் மூச்சு வாங்கினாள். "நீங்க மேல, மாடியிலயே இருந்திருக்கீங்க. மூணு வருஷமா."

"ஆமா."

"எங்கம்மா என்னைக் கோயிலுக்குள்ள வராதன்னுச்சு, தெரியுமா உங்களுக்கு? பாவம் ஒட்டிக்கும்னு." கோபத்தில் ஒரு அடி முன்னால் வந்தாள். அடிப்பாள் என்றுகூட நீலாம்பிகாவுக்குத் தோன்றியது. அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. ஆனால் சுமங்கலா மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"குடிக்க மாட்டேன்னு அழுதுச்சுக்கா. மூக்கைப் பிடிச்சு வாயைத் தொறந்து ஊத்தினது நான்தான். இந்தக் கையாலதான். நீங்க எதை எழுதிக் குடுத்தாலும் அது போவாது."

படிக்கட்டில் அரவம் கேட்டது. கங்கவ்வா நின்றிருந்தாள், கையில் ரொட்டித் தட்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. நீலாம்பிகா அவளைப் பார்த்தாள். வைனி என்று அவள் கூப்பிடவில்லை. திட்டவும் இல்லை. தட்டைக் கடைசிப் படியில் வைத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே ஒவ்வொரு படியாக மேலே போனாள்.

நீலாம்பிகா அவருடைய வாக்குமூலத்தை ஸ்கிரீனில் திறந்தாள். பேர் இருந்த இடத்தில் தன் பேரை அடித்தாள். வயசை மாற்றினாள். 'நான் அமைத்தேன்' என்பதையும், 'நான்காவது வரிசைக்கு அடியில்' என்பதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. 'விசாரணையில் என் கணவர் சொன்னது என்னைக் காப்பாற்றச் சொன்னது' என்று ஒரு வரி சேர்த்தாள். சேர்த்ததும் கடைசி இரண்டு வரி அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது. ஓரத்தைக் கொஞ்சம் குறைத்து மேலே ஏற்றினாள்.

பிரிண்டர் மறுபடியும் ஓடிற்று. அவள் காகிதத்தை எடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டாள். சொந்தக் கையெழுத்துப் போட்டு எத்தனையோ நாளாகிவிட்டதால் எழுத்துகள் பள்ளிக்கூடத்துப் பெண் எழுதியதுபோல உருண்டு உருண்டு இருந்தன.

சுமங்கலா எட்டிப் பார்த்தாள். "தேதி போடணும்க்கா."

நீலாம்பிகா பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டாள்.

சௌபாக்யா ஷட்டருக்குப் பக்கத்தில், வீதியைப் பார்த்தபடி நின்றிருந்தாள். வெளியே ஒரு ஆட்டோ வளைந்து போனது.

"பதினேழு" என்றாள் திரும்பாமலே.

நீலாம்பிகா பதினேழு என்று எழுதினாள். சுமங்கலா காகிதத்தை வாங்கி, மை காயட்டும் என்று இரண்டு கையாலும் ஓரங்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.